கிளோன் செய்ததும் எல்லாக் கோப்புக்கும் இன்றைய தேதி வருவது ஏன்? கோப்புத் தேதிகளும் வெர்ஷன் கன்ட்ரோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் முதல் வாரத்திலேயே வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ரெப்போவை கிளோன் பண்ணினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால எழுதின ஃபைல்கூட இன்னைக்குக் காலையில மாறினதாக் காட்டுது. நான் எதையாவது கெடுத்துட்டேனா?" இல்லை தம்பி, எதுவும் கெடவில்லை. ஆனால் ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அவ்வப்போது ஒவ்வொருவருக்கும் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் கருவி பற்றியது. ரெப்போ என்பது திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடம், கிளோன் என்பது அதை உங்கள் கணினிக்கு நகலெடுப்பது. அதே வகைக் கருவிகளான சப்வெர்ஷன், பெர்ஃபோர்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் விஷயம் இருக்கிறது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

பழைய தேதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை, ஏனென்றால் அது கிட்டுக்குள் வந்ததே இல்லை. ஒரு கோப்புறையை கிட் "ட்ரீ" என்ற பொருளாகச் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்றே விவரம்: அனுமதி எண், பெயர், உள்ளடக்கத்தின் ஹாஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண். தேதிக்கு அங்கே இடமே கிடையாது. தேதி இருப்பது கமிட்டில், அதாவது மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில். அந்தத் தேதி திட்டம் முழுவதன் அந்த நிலைக்கு உரியது, தனிக் கோப்புக்கு அல்ல.

டிஸ்க்கில் நீங்கள் பார்க்கும் "மாற்றிய தேதி" இயங்குதளம் வைத்திருப்பது. யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் கோப்புக்கு மூன்று நேரங்கள் உண்டு: கடைசியாகப் படித்த நேரம் ஏடைம், உள்ளடக்கம் மாறிய நேரம் எம்டைம், பெயர், அனுமதி போன்ற விவரங்கள் மாறிய நேரம் சிடைம். சிடைமைப் பலர் உருவாக்கிய நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. கிளோன் செய்யும்போது உங்கள் டிஸ்க்கில் கோப்புகள் அப்போதுதான் எழுதப்படுகின்றன. அதனால் எம்டைம் அந்த நொடி. இயங்குதளத்தின் கண்ணில் அது பொய்யில்லை.

ஜிப் கோப்புகூடத் தேதியைக் காப்பாற்றுகிறது. கிட்டுக்கு ஏன் முடியவில்லை?

முடியாமல் இல்லை. வேண்டாம் என்று தெரிந்தே விட்டது. காரணத்தைப் பார்க்க 1976-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் "மேக்" என்ற கருவியை எழுதினார். அதன் விதி எளிமையானது: மூலக் கோப்பு, அதிலிருந்து உருவான கோப்பைவிடப் புதியதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய், இல்லையென்றால் விட்டுவிடு. உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, இரண்டு எம்டைம்களை மட்டும் ஒப்பிடும். இன்றும் மேக், நிஞ்சா எல்லாம் அடிப்படையில் இப்படித்தான்.

இப்போது ஒரு காட்சி. மெயின் என்ற சி கோப்பைக் காலை 10:00-க்குத் திருத்துகிறீர்கள். 10:05-க்கு கம்பைல் செய்கிறீர்கள், அதன் விளைவான ஆப்ஜெக்ட் கோப்பு வருகிறது. 10:20-க்கு வாடிக்கையாளர் ஒருவர் பழைய வெளியீட்டில் பிழை என்கிறார். பழைய பிராஞ்சுக்கு, அதாவது அந்த வெளியீட்டின் தனிக் கிளைக்கு, மாறுகிறீர்கள். அந்த பிராஞ்சில் மெயின் கோப்பு கடைசியாக மாறியது போன மார்ச்சில். கிட் அந்த மார்ச் தேதியைக் கோப்புக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மேக் வந்து பார்க்கும். மூலம் மார்ச், ஆப்ஜெக்ட் இன்று 10:05. "எல்லாம் சரியாக இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். நீங்கள் ஓட்டுவது புதிய பிராஞ்சின் நிரல், திரையில் படிப்பது பழைய பிராஞ்சின் மூலம். பிழையைத் தேடி அன்றைய மதியம் முழுக்கப் போகும். யாரும் உங்களை எச்சரிக்க மாட்டார்கள்.

மாறாக, கிட் இப்போதைய நேரத்தைக் கொடுத்தால் அதிகபட்சம் தேவையில்லாமல் சில கோப்புகள் மறுபடி கம்பைல் ஆகும். அதில் போவது சில நிமிடம்தான். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது லினக்ஸ் கெர்னலுக்காக. ஆயிரக்கணக்கான சி கோப்புகளை மேக் வைத்துக் கட்டும் திட்டம் அது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் வேறு முடிவு எடுக்க வழியில்லை.

அப்படியானால் பிராஞ்ச் மாறும்போதெல்லாம் எல்லாமே மறுபடி கம்பைல் ஆகுமா?

ஆகாது. இரண்டு பிராஞ்சுகளுக்கும் இடையே வேறுபடும் கோப்புகளை மட்டும் கிட் எழுதும். ஒரே மாதிரி இருப்பதைத் தொடாது, அவற்றின் எம்டைமும் மாறாது. பிரச்சினை போய்விட்டுத் திரும்பி வருவதில்தான். ஏ-யிலிருந்து பி-க்குப் போய் ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஏ-க்கே வந்தாலும், வேறுபட்ட கோப்புகள் இரண்டு முறை எழுதப்பட்டுவிடும். உள்ளடக்கம் பழையபடியே இருக்கும், தேதி மட்டும் புதிது. திருத்தங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க "ஸ்டாஷ்" செய்து, திரும்ப எடுக்க "பாப்" செய்தாலும் இதே கதை.

பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பிராஞ்ச் மாறாதீர்கள். "கிட் ஷோ" போதும். இரண்டு பிராஞ்சுகளில் மாறி மாறி வேலை என்றால் "கிட் வொர்க்ட்ரீ" இருக்கிறது, 2015-ல் 2.5 பதிப்பில் வந்தது. ஒரே ரெப்போவுக்கு இரண்டாவது கோப்புறை திறந்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆப்ஜெக்ட் கோப்புகள், அதனதன் தேதிகள். பெரிய சி++ திட்டங்களில் இதைப் பழகிக்கொண்டவர்கள் திரும்பிப் போவதில்லை.

கிளோன் செய்தவுடன் "மேக்" கொடுத்தால் "அக்லோக்கல் உங்கள் கணினியில் இல்லை" என்கிறது. நான் எதையும் மாற்றவே இல்லையே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவித் தொகுப்பைப் (அக்லோக்கல் அதில் ஒன்று) பயன்படுத்தும் சில திட்டங்கள், கருவி உருவாக்கிய "கன்ஃபிகர்" கோப்பையும் ரெப்போவிலேயே போட்டு வைத்திருக்கும். அது "கன்ஃபிகர் டாட் ஏசி" என்ற மூலக் கோப்பிலிருந்து வருவது. கிட் கோப்புகளைப் பெயர் வரிசையில் டிஸ்க்கில் எழுதுகிறது. அகர வரிசையில் "கன்ஃபிகர்" முதலில், அதற்குப் பின்னால்தான் "டாட் ஏசி" ஒட்டிய நீளமான பெயர். அதனால் உருவான கோப்பு முதலில் எழுதப்படுகிறது, மூலக் கோப்பு சில மைக்ரோ நொடி கழித்து.

நொடி அளவுக்கு மட்டும் நேரம் குறிக்கும் பழைய ஃபைல் சிஸ்டத்தில் இரண்டும் ஒரே நொடியாகத் தெரியும், பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இன்றைய இஎக்ஸ்டி4, ஏபிஎஃப்எஸ் போன்றவை நானோ நொடி வரை குறிக்கின்றன. மேக் அந்தத் துளி வித்தியாசத்தையும் பார்த்துவிடுகிறது. "மூலம் புதியதாக இருக்கிறதே, கன்ஃபிகரை மறுபடி உருவாக்கு" என்று கிளம்புகிறது. அதற்கான கருவி உங்களிடம் இல்லை, அதனால் புலம்புகிறது.

கருவிகள் இருந்தால் "ஆட்டோரீகான்ஃப்" ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் உருவான கோப்புகளை, எது எதைச் சார்ந்தது என்ற வரிசையில், "டச்" செய்தால், அதாவது எம்டைமை இப்போதைய நேரமாக்கினால், போதும். திட்டம் உங்களுடையது என்றால் உருவான கோப்புகளை ரெப்போவில் போடாமல் விடுவதே நல்லது என்பேன். இதில் சண்டை போட ஆள் உண்டு என்பதும் தெரியும்.

எங்களிடம் சப்வெர்ஷன். தேதியைக் காப்பாற்ற ஒரு செட்டிங் இருப்பதாகச் சொன்னார்களே?

உண்டு. பெயர் "யூஸ்-கமிட்-டைம்ஸ்". உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் சப்வெர்ஷன் கோப்புறைக்குள், "கான்ஃபிக்" கோப்பில், "மிஸலனி" என்ற பகுதியில் இருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் பாருங்கள். இயல்பாக "நோ". "யெஸ்" ஆக்கினால் செக்கவுட் (ரெப்போவிலிருந்து கோப்புகளை முதலில் எடுப்பது), அப்டேட், ஸ்விட்ச், ரிவர்ட் ஆகிய நான்கு கட்டளைகளும் தாங்கள் தொடும் கோப்புகளுக்குக் கடைசியாக கமிட் ஆன நேரத்தைக் கொடுக்கும். டார்டாய்ஸ் எஸ்விஎன் வைத்திருப்பவர்களுக்கு செட்டிங்ஸின் பொதுப் பக்கத்தில் இதற்கு ஒரு டிக் பெட்டியே இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, இது உங்கள் கணினியின் அமைப்பு, ரெப்போவுடையது அல்ல. நீங்கள் இயக்கிவிட்டதால் பக்கத்து மேசைக்காரருக்கும் அப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது, ஏற்கனவே டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளின் தேதி இதனால் தானாக மாறாது. புதிதாக செக்கவுட் செய்தால்தான் எல்லாம் ஒரே சீராக இருக்கும்.

ஆவணங்கள், வடிவமைப்புக் கோப்புகள், ஒப்பந்த வரைவுகள் மட்டும் இருக்கும் ரெப்போ என்றால் தாராளமாக இயக்குங்கள். கம்பைல் செய்யும் நிரல் இருந்தால் வேண்டாம். மேலே சொன்ன மார்ச் மாதக் கதை அப்படியே உங்களுக்கும் நடக்கும். "எஸ்விஎன் எக்ஸ்போர்ட்" மட்டும் தனி. அது எப்போதும் கமிட் நேரத்தையே கொடுக்கும், செட்டிங் எதுவும் தேவையில்லை.

சிவிஎஸ் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை என்கிறாரே எங்கள் மேனேஜர்?

பாதி சரி. சப்வெர்ஷனுக்கு முந்தைய கருவியான சிவிஎஸ் ஒரு சமரசம் செய்தது. முதல் முறை செக்கவுட் செய்யும்போது அந்தப் பதிப்பு கமிட் ஆன நேரம். பிறகு அப்டேட்டில் மாறி வரும் கோப்புக்கு இப்போதைய நேரம். அப்டேட்டில் மேக் ஏமாறக் கூடாது, செக்கவுட்டில் பழைய ஆப்ஜெக்ட் எதுவும் இருக்காது, அதனால் ஆபத்தில்லை என்ற கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான். ஆனால் ஒரே கோப்புறையில் இரண்டு வகைத் தேதிகள் கலந்து கிடக்கும். எது எது என்று பார்த்தால் தெரியாது.

பெர்ஃபோர்ஸில்?

பணியிட அமைப்பில், அதாவது கிளையன்ட் ஸ்பெக்கில், "மோட்டைம்", "நோமோட்டைம்" என்று இரண்டு தேர்வுகள். இயல்பாக இரண்டாவது, சிங்க் செய்த, அதாவது கோப்பை உங்கள் கணினிக்கு இறக்கிய, நேரம் வரும். மோட்டைம் வைத்தால் சப்மிட் செய்தவருடைய கணினியில் அந்தக் கோப்புக்கு இருந்த தேதி வரும். சப்வெர்ஷனில் கிடைப்பது கமிட் ஆன நேரம், இங்கே கிடைப்பது அவர் டிஸ்க்கில் இருந்த எம்டைம். இரண்டும் ஒன்றல்ல. வெளியார் கொடுத்த பைனரி லைப்ரரிகளுக்கு மட்டும் தேதி வேண்டுமென்றால் கோப்பு வகையோடு "பிளஸ் எம்" சேர்த்துவிடலாம். பணியிடம் எப்படி இருந்தாலும் அந்தக் கோப்புக்குத் தேதி காப்பாற்றப்படும். இந்த விஷயத்தில் பெர்ஃபோர்ஸ்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறது.

மெர்குரியல், ஃபாசில்?

மெர்குரியல் கிட் மாதிரியே. ஃபாசிலில் செக்கவுட், அப்டேட் இரண்டுக்கும் "செட்எம்டைம்" என்ற தேர்வு உண்டு. கோப்பை மாற்றிய கடைசிச் செக்-இன் நேரத்தை வைத்துவிடும்.

கிட் எம்டைமைச் சேமிப்பதில்லை, சரி. அதைப் பார்ப்பதும் இல்லையா?

அங்கேதான் வேடிக்கை. "கிட் ஸ்டேட்டஸ்" ஐம்பதாயிரம் கோப்புள்ள திட்டத்தில்கூடக் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொல்கிறது என்றால் காரணமே எம்டைம்தான். இன்டெக்ஸ் என்ற கோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டைம், சிடைம், ஐநோட் எண் (ஃபைல் சிஸ்டம் கோப்பை அடையாளம் காணும் எண்), அளவு முதலியவற்றை கிட் குறித்து வைத்திருக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்டால் இவற்றை இயங்குதளம் சொல்வதோடு ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் கோப்பைத் திறக்கவே செய்யாது. பொருந்தாவிட்டால் மட்டும் உள்ளே போய்ப் படிக்கும். இந்தக் குறிப்பு உங்கள் கணினியோடு சரி, சர்வருக்கு புஷ் செய்தால் கூடவே போகாது.

சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோப்பை "டச்" செய்யுங்கள். "கிட் ஸ்டேட்டஸ்" ஒன்றும் மாறவில்லை என்றே சொல்லும், ஏனென்றால் சந்தேகப்பட்டு உள்ளே படித்துப் பார்த்துவிட்டது. இன்னொரு முறை "டச்" செய்துவிட்டு ஸ்டேட்டஸுக்குப் பதிலாக "கிட் டிஃப்-ஃபைல்ஸ்" கொடுங்கள். மாறிவிட்டது என்று அந்தக் கோப்பின் பெயரைக் காட்டும்! இந்த அடிமட்டக் கட்டளை இன்டெக்ஸைப் புதுப்பிப்பதில்லை. பில்ட் ஸ்கிரிப்டில் "ஏதாவது மாறியிருந்தால் பதிப்பு எண்ணோடு டர்ட்டி என்று சேர்" என்று எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அதற்கு முன் "கிட் அப்டேட்-இன்டெக்ஸ்", "ரிஃப்ரெஷ்" தேர்வோடு, ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

ஒரே நொடியில் இரண்டு முறை மாற்றினால் கிட் ஏமாறாதா?

நல்ல சந்தேகம். இதற்கு கிட் வட்டாரத்தில் பெயரே உண்டு: ரேசி கிட். கோப்பில் "100" என்று இருக்கிறது, 10:15:20-க்கு "ஆட்" செய்கிறீர்கள். அதே நொடியில் ஒரு ஸ்கிரிப்ட் அதை "200" ஆக்குகிறது. அளவு அதே, நொடி அதே. இன்டெக்ஸ் குறிப்போடு ஒப்பிட்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது.

கிட் இதைப் பிடிக்கும் விதம் அழகு. இன்டெக்ஸும் ஒரு கோப்புதானே, அதற்கும் எம்டைம் உண்டு. ஒரு கோப்பின் எம்டைம், இன்டெக்ஸ் எழுதப்பட்ட நேரத்துக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியோ இருந்தால் அந்தக் குறிப்பை நம்பாமல் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்கும். அடுத்த முறை இன்டெக்ஸை எழுதும்போது, அப்படிப் பிடிபட்ட கோப்பின் அளவை வேண்டுமென்றே பூஜ்யம் என்று எழுதிவிடும். அப்புறம் எப்போது பார்த்தாலும் அளவு பொருந்தாது, படித்தே தீர வேண்டும். மனிதக் கையால் ஒரு நொடிக்குள் இப்படிச் செய்வது அபூர்வம். ஸ்கிரிப்டுகளுக்கு அன்றாட வேலை.

பென் டிரைவில் ரெப்போ. எதையும் மாற்றாதபோதும் ஸ்டேட்டஸ் ஒவ்வொரு முறையும் மெதுவாக இருக்கிறது.

பென் டிரைவ் ஃபேட் வடிவில் இருந்தால் அதன் நேரக் கணக்கே கரடுமுரடு. நேரக் குறிப்பை நம்ப முடியாதபோதெல்லாம் கிட் கோப்பைத் திறந்து படிக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 5 பிட் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். 5 பிட்டில் 31-க்கு மேல் எண்ண முடியாது, அதனால் இரண்டு இரண்டு நொடியாகத்தான் குறிக்க முடியும். போதாததற்கு உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைக்கும், எந்த நேர மண்டலம் என்று எழுதாது. கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் இதனால் எல்லாக் கோப்பும் திடீரென்று மாறியதாகத் தெரிந்து அந்தக் காலத்து சிவிஎஸ் ஆட்களைப் படுத்தியது. இந்தியாவில் கடிகாரம் ஒரே இடத்தில் நிற்பதால் நாம் பிழைத்தோம். என்டிஎஃப்எஸ் 100 நானோ நொடி அளவில் உலகப் பொது நேரத்தில் குறிப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

பேக்கப் மென்பொருள், கோப்புகளை வரிசைப்படுத்தும் தேடு மென்பொருள் ஆகியவை சிடைமை மாற்றிக்கொண்டே இருந்தாலும் இதே மந்தம் வரும். "கோர் டாட் டிரஸ்ட்சிடைம்" அமைப்பை "ஃபால்ஸ்" ஆக்குங்கள். ஒரே கோப்புறையை இரண்டு இயங்குதளங்களிலிருந்து தொட்டால் "கோர் டாட் செக்ஸ்டாட்" அமைப்பை "மினிமல்" ஆக்குங்கள். அப்போது ஐநோட் போன்றவற்றை விட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் ஒப்பிடும்.

எனக்கு கிட்டில் கமிட் தேதி கோப்புகள் மேல் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது. யாருக்காவது அனுப்பத்தான் என்றால் "கிட் ஆர்க்கைவ்" போதும். கமிட்டைக் கொடுத்து ஓட்டினால் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புக்கும் அந்த கமிட்டின் நேரம் வரும். ட்ரீ ஹாஷைக் கொடுத்தால் இப்போதைய நேரம் வந்துவிடும், கவனம்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் கடைசி கமிட் நேரம் வேண்டுமென்றால் "கிட் லாக்", ஒரே ஒரு பதிவு மட்டும், ஃபார்மட்டில் சதவீதக் குறியோடு சி டி, கடைசியில் கோப்பின் பெயர். அது தரும் எண்ணை "டச்" கட்டளைக்குக் கொடுத்தால் முடிந்தது. பத்து கோப்புக்கு இது சரி. பத்தாயிரம் கோப்புக்கு ஒவ்வொரு முறையும் வரலாற்றைப் புரட்டினால் காபி குடித்துவிட்டு வந்தாலும் முடியாது. வரலாற்றை ஒரே முறை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே, பார்த்த கோப்புக்குத் தேதி வைத்துவிட்டுப் போகும் "கிட்-ரீஸ்டோர்-எம்டைம்" என்ற பைதான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி: ஷாலோ கிளோன். வேகத்துக்காக "டெப்த் 1" என்று கிளோன் செய்தால் உள்ளே ஒரே கமிட்தான் இருக்கும். எல்லாக் கோப்பும் அந்த ஒரு கமிட்டில் பிறந்ததாகவே கிட் நினைக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே தேதி வரும். தானியங்கி பில்ட் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்கவுட் இயல்பாகவே இப்படித்தான் எடுக்கிறது. "ஃபெட்ச்-டெப்த்" மதிப்பைப் பூஜ்யமாக்கினால் முழு வரலாறும் வரும்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு இணையதளத்தில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் "கடைசியாகத் திருத்தியது" என்ற வரியை கிட்டிலிருந்து எடுத்துப் போட்டோம். என் கணினியில் சரியாக வந்தது. தளத்தில் ஏற்றியதும் முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகளும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் திருத்தியதாகக் காட்டின. மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. நான்காம் நாள் ஒரு வாசகர் "உங்கள் ஆசிரியர் குழு தூங்குவதே இல்லையா?" என்று எழுதினார்.

சரி, சிஐ-யில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பில்) தினமும் முழு பில்ட் ஓடுகிறது. கமிட் தேதியை வைத்துவிட்டால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை கேஷிலிருந்து எடுத்துப் பயன்படுத்தலாமே?

எல்லாருக்கும் தோன்றும் யோசனை. புதிதாக கிளோன் செய்த மூலங்கள் எல்லாம் இன்றைய தேதி, கேஷில் இருக்கும் ஆப்ஜெக்ட் நேற்றைய தேதி; அதனால் மேக் எல்லாவற்றையும் மறுபடி கட்டுகிறது. மூலங்களுக்கு கமிட் தேதி வைத்தால் வேகம் கூடும், உண்மை.

ஆனால் போன வாரம் ஒருவர் தன் பிராஞ்சில் ஒரு கோப்பைத் திருத்தி கமிட் செய்கிறார். இன்று அது முதன்மை பிராஞ்சோடு மெர்ஜ் ஆகிறது, அதாவது இணைகிறது. கோப்புக்கு நீங்கள் வைக்கும் தேதி போன வாரம். கேஷில் இருக்கும் ஆப்ஜெக்ட் நேற்று, அவருடைய திருத்தம் இல்லாமல் கட்டியது. மேக் பார்க்கிறது, ஆப்ஜெக்ட்தான் புதிது, செய்ய ஒன்றுமில்லை. டெஸ்ட் பச்சை. திருத்தம் மட்டும் நிரலில் இல்லை. கிட் எதைத் தவிர்க்கத் தேதியை விட்டதோ அதையே நாம் கையால் கொண்டுவந்து வைக்கிறோம்.

தேதியை நம்பாமல் உள்ளடக்கத்தின் ஹாஷை நம்பும் கருவிக்கு மாறுங்கள். சி, சி++ என்றால் சிகேஷ். பெரிய திட்டம் என்றால் பேசல். டாக்கர்கூட "காப்பி" படியில் கேஷ் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது எம்டைமைக் கணக்கில் எடுப்பதில்லை.

சர்வரில் ஆர்சிங்க் வைத்து ஏற்றுகிறோம். ஒரு வரி மாற்றினாலும் எல்லாக் கோப்பையும் தொடுகிறது.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் இயல்பாக அளவையும் எம்டைமையும்தான் ஒப்பிடும். புதிய கிளோனிலிருந்து ஏற்றினால் எல்லா எம்டைமும் வேறு, அதனால் எல்லாவற்றையும் சந்தேகப்படும். "செக்சம்" தேர்வைச் சேர்த்து, நேரத்தைக் காப்பாற்றும் "டி" தேர்வை விட்டுவிடுங்கள். "ஏ" என்ற தேர்வுக்குள்ளேயே "டி" ஒளிந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இதை வெறும் வேகப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். வெப் சர்வர்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே, கோப்பு மாறியதா என்று பிரவுசர் அறிய உதவும் ஈடேக் என்ற அடையாளத்தை இயல்பாக எம்டைமும் அளவும் வைத்துத்தான் உருவாக்குகின்றன. இரண்டு சர்வர்களில் தனித்தனியாக கிளோன் செய்தால் ஒரே படத்துக்கு இரண்டு ஈடேக். வாசகர் ஒரு முறை இந்த சர்வருக்கும் மறுமுறை அந்த சர்வருக்கும் போனால் மாறாத படத்தையே பிரவுசர் மறுபடி இறக்கும். கமிட் தேதியை கோப்பில் வைப்பது உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். இங்கே ஏமாற மேக் இல்லை.

கமிட்டிலேயே இரண்டு தேதி இருக்கிறதே, எதை எடுப்பது?

ஒன்று ஆத்தர் தேதி, திருத்தத்தை எழுதிய நேரம். இன்னொன்று கமிட்டர் தேதி, இந்த கமிட் பொருள் உருவான நேரம். ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி வைத்தால், ஆத்தர் தேதி அப்படியே இருக்கும், கமிட்டர் தேதி இன்றைக்கு வந்துவிடும். உள்ளே 1700000000 +0530 என்பது போல எழுதியிருக்கும்: 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், கூடவே எழுதியவரின் நேர மண்டலம். இந்த எண் இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3:43. யாரோ தூங்காமல் வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

வாசகருக்குக் காட்ட ஆத்தர் தேதி. வெளியீட்டுக் கோப்புகளுக்குள் பதிக்க கமிட்டர் தேதி. யார் கட்டினாலும் பைட் பிசகாமல் ஒரே விளைவு வர வேண்டும் என்று ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தினர் "சோர்ஸ் டேட் ஈபோக்" என்ற சூழல் மாறியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பலரும் அதில் போடுவது கடைசி கமிட்டின் கமிட்டர் நேரத்தைத்தான்.

தேதியை ஆதாரமாகக் காட்டலாமா? "இந்தக் கோப்பை நான் ஜூன் மாதமே எழுதிவிட்டேன்" என்று?

எம்டைமை "டச்" ஒரு நொடியில் மாற்றும். கமிட் தேதியையும் சூழல் மாறி வைத்து விருப்பப்படி போடலாம். புஷ் எப்போது வந்தது என்று சர்வர் வைத்திருக்கும் பதிவைக் கேளுங்கள்.

"கிளாக் ஸ்கியூ" என்று மேக் எச்சரிக்கிறதே?

கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது. நெட்வொர்க் டிரைவ் வைத்திருக்கும் சர்வரின் கடிகாரம் உங்களுடையதைவிட முன்னால் ஓடுகிறது, அல்லது தூங்கி எழுந்த விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பின்தங்கிவிட்டது. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், எல்லாவற்றையும் "டச்" செய்யுங்கள், ஒருமுறை முழுதாகக் கட்டுங்கள்.

பழைய புகைப்படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களை கிட்டில் வைக்கிறேன். தேதி முக்கியம்.

புகைப்படம் என்றால் எடுத்த தேதி எக்சிஃப் விவரமாகப் படத்துக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும், அது போகாது. ஸ்கேன் ஆவணத்துக்குத் தேதியைப் பெயரிலேயே எழுதிவிடுங்கள், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். எம்டைமே வேண்டும் என்றால் கமிட் செய்யுமுன் தேதிகளைத் தனிக் கோப்பில் எழுதி, செக்கவுட்டுக்குப் பின் திருப்பி வைக்கும் "மெட்டாஸ்டோர்" போன்ற கருவிகள் உண்டு. நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் இரண்டு பிராஞ்சில் வேலை செய்ததும் அந்தத் தேதிக் கோப்பிலேயே கான்ஃப்ளிக்ட் வந்தது. எடுத்துவிட்டேன்.

சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறுகிறோம். பத்தாண்டுத் தேதிகள் போய்விடுமா?

கமிட் தேதிகள் போகாது, "கிட் எஸ்விஎன்" அவற்றை அப்படியே கொண்டுவரும். மாறிய மறுநாள் யூஸ்-கமிட்-டைம்ஸ் பழகியவர்கள் எக்ஸ்ப்ளோரரில் தேதி வரிசை போட்டுப் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு "கிட் லாக்" காட்டிக் கொடுங்கள், அல்லது இந்தப் பக்கத்தை அனுப்பிவிடுங்கள்.